வயிற்றுச் சுவர், உதரவிதானம்: நம்மூர்ப் பக்கம் அடிக்கடி நடக்கிற தவறுகள்

வயிறு எங்கே ஆரம்பிக்கிறது என்று யாரிடம் கேட்டாலும் நெஞ்சாங்குழிக்குக் கீழே, விலா எலும்பு முடிகிற இடத்தில் கையை வைத்துக் காட்டுவார்கள். நர்சிங், பிசியோதெரபி படிக்கிற பிள்ளைகளும் முதல் வருஷம் அப்படித்தான் காட்டுகிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானம் விலா விளிம்போடு தட்டையாக ஓடுவதில்லை, கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி வளைந்து நெஞ்சுக்கூட்டுக்குள் ஏறி நிற்கிறது. ஓரங்கள் மட்டும்தான் கீழே: முன்னால் நெஞ்செலும்பின் நுனியில், பக்கங்களில் கீழ் ஆறு விலாக்களின் உட்புறத்தில், பின்னால் இரண்டு கால்களாக இறங்கி இடுப்பு முள்ளெலும்புகளில். வலது கால் மூன்றாம் எலும்பு வரை, இடது கால் இரண்டாம் எலும்பு வரை. மூச்சை முழுக்க வெளியே விட்டிருக்கும்போது வலது மேடு ஐந்தாம் விலா உயரத்துக்கு, ஆண்களுக்கு ஏறக்குறைய மார்புக்காம்பின் மட்டத்துக்கே வந்துவிடும். கல்லீரல் அடியில் இருப்பதால் வலது பக்கம் கொஞ்சம் உயரம், இடது கொஞ்சம் தாழ்வு.

ஆக, கல்லீரல், மண்ணீரல், இரைப்பையின் மேல்பகுதி எல்லாம் விலாவுக்குள் இருக்கிற வயிற்று உறுப்புகள். இது தெரியாததால் என்ன ஆகிறதென்றால், நாலுவழிச் சாலையில் பைக்கோடு விழுந்து ஹேண்டில்பார் இடது விலாவில் குத்தியவன், "வயித்துல அடி ஒண்ணும் இல்லண்ணே, அல்லையிலதான் லேசா வலிக்கு" என்று சொல்லி, ஒரு சோடாவைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறான். மண்ணீரல் இருப்பதே அந்த இடது 9, 10, 11ஆம் விலாக்களுக்கு உள்ளேதான். அது கிழிந்தால் வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாது, வயிறும் உடனே வீங்கிவிடாது. சிலருக்கு முதலில் வலிப்பது இடது தோள்பட்டை. தோளில் அடியே படவில்லை, கையைத் தூக்கினால் நன்றாகத்தான் வருகிறது, ஆனால் வலிக்கிறது. வீட்டில் தைலம் தேய்ப்பார்கள்.

தேய்க்கக் கூடாது. உதரவிதானத்தை இயக்குகிற பிரெனிக் நரம்பு கழுத்தின் 3, 4, 5ஆம் நரம்பு வேர்களிலிருந்து கிளம்பி, இதயத்தின் பக்கவாட்டில் இறங்கி வருகிறது. தோள் மேல் தோலின் உணர்வும் அதே வேர்களில் சிலவற்றுக்குத்தான் போய்ச் சேருகிறது. கசிந்த ரத்தம் உதரவிதானத்தின் அடிப்பக்கத்தை உறுத்தினால் மூளை அதைத் தோள் வலி என்று எடுத்துக்கொள்கிறது. விலாவில் அடிபட்டு அப்புறம் தோள் வலி, முகம் வெளிறுவது, வியர்ப்பது, எழுந்தால் தலை சுற்றுவது என்று வந்தால் நேராக ஆஸ்பத்திரி. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியோ, பக்கத்தில் ஸ்கேன் வசதியும் சர்ஜனும் உள்ள வேறு இடமோ, எது கிட்டவோ அது. இதே காரணத்தால்தான் லேப்ராஸ்கோபி ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு, வயிற்றுக்குள் ஏற்றிய வாயு மிச்சம் இருக்கிற ஒன்றிரண்டு நாள் தோள் வலிக்கும். அது இதய வலியோ என்று ராத்திரி முழுக்க முழித்திருப்பவர்கள் உண்டு, வார்டு நர்ஸ் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

வயிற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற தசைக்குக் கழுத்திலிருந்து ஏன் நரம்பு? கருவில் அது உருவாகத் தொடங்குவது கழுத்து மட்டத்தில், பிறகு கீழே இறங்கும்போது தன் நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. இது பரீட்சைக்கு மட்டுமான விஷயம் இல்லை. திசையன்விளைப் பக்கம் பனையிலிருந்து விழுந்தவரை நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்க, தலை பின்னால் தொங்கிக்கொண்டே ஆட்டோவுக்குள் போகும். கழுத்தெலும்பு உடைந்து தண்டுவடம் மூன்றாம் வேருக்கு மேலே நசுங்கினால் மூச்சே நின்றுவிடும். ஐந்துக்குக் கீழே என்றால் உதரவிதானம் தப்பிக்கிறது, மூச்சு ஓடும், ஆனால் வயிற்றுச் சுவர்த் தசைகளுக்கான நரம்புகள் நெஞ்சு முள்ளெலும்பு 7லிருந்து இடுப்பு முதல் எலும்பு வரையுள்ள மட்டத்தில் வருவதால் அவை செயலிழக்கும். அவரால் இரும முடியாது, சளி தேங்கி நிமோனியாவில் போய் நிற்கும். எனவே 108 வரும்வரை அசைக்காமல் தலையை உடம்போடு நேராகப் பிடித்திருப்பதே வேலை. வாயில் தண்ணீர் ஊற்றுவது வேண்டவே வேண்டாம், புரையேறினால் இருமி வெளியே தள்ளத் தசை இல்லை.

சரி, மூச்சுக்கு வருவோம். "நல்லா மூச்சை இழுங்க" என்றால் பத்தில் எட்டுப் பேர் தோளைத் தூக்கி, நெஞ்சை நிமிர்த்தி, வயிற்றை உள்ளே இழுப்பார்கள். அப்படியே தலைகீழ். உதரவிதானம் சுருங்கினால் அந்த வளைவு தட்டையாகிக் கீழே இறங்கும், சாதாரண மூச்சில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர், ஆழ்ந்த மூச்சில் பத்து சென்டிமீட்டர்கூட ஆகலாம். நெஞ்சுக்குள் இடம் பெருகுவதால் காற்று உள்ளே வருகிறது. கீழே இருக்கிற கல்லீரலையும் குடலையும் அமுக்கிச் சுருக்க முடியாது, அவை முன்னால் தள்ளப்படும், ஆகவே வயிறு கொஞ்சம் வெளியே வந்தே ஆக வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு மூச்சிழுப்பவர் இறங்க வேண்டிய தசையைக் கீழிருந்து தடுத்து நிறுத்துகிறார். போட்டோவுக்கு நிற்கும்போது எக்கினால் பரவாயில்லை, நாள் முழுக்க எக்கிக்கொண்டே திரிகிற பழக்கம்தான் கழுத்துத் தசைகளுக்கு இல்லாத வேலையைக் கொடுக்கிறது. எதிர்த்திசையில் இன்னொரு தவறும் உண்டு: வயிற்றால் மூச்சு விடு என்று சொல்லிக் கேட்டு, காற்று வயிற்றுக்குள் போகிறது என்று நம்பி வயிற்றை வேண்டுமென்றே ஊதித் தள்ளுவது. காற்று நுரையீரலைத் தாண்டாது. ஒரு கையைத் தொப்புள் மேலும் ஒரு கையை விலாப்பக்க அல்லையிலும் வைத்துப் பாருங்கள், இரண்டு கையும் மெதுவாக விலக வேண்டும். அல்லை அசையாமல் தொப்புள் மட்டும் புடைத்தால் அது வெறும் தள்ளல்.

பாட்டு வகுப்பிலும் நாதஸ்வரம் பழகுகிற இடத்திலும் வேறொன்று சொல்லப்படுகிறது, "உதரவிதானத்தால் காற்றை வெளியே தள்ளு" என்று. அந்தத் தசைக்குத் தள்ளத் தெரியாது. அது சுருங்கினால் இறங்கும், அவ்வளவுதான். மேலே ஏறுவது தளரும்போது. காற்றை வெளியே அனுப்புவது நுரையீரலின் மீள்தன்மையும், ஓங்கி ஊதும்போது வயிற்றுச் சுவரும். காருகுறிச்சி அருணாசலம் (1921-1964) பிறந்து வாசித்த மண் இது, சேரன்மகாதேவிப் பக்கம் இன்றைக்கும் நாயனம் பழகுகிற பையன்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது உபயோகப்படும்: நீண்ட ஊதலின் தொடக்கத்தில் உதரவிதானம் ஒரேயடியாகத் தளராமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறது, பாதிக்கு மேல் வயிற்றுத் தசைகள் படிப்படியாக இறுகி வேலையை எடுத்துக்கொள்கின்றன. ஆரம்பத்திலேயே வயிற்றை இறுக்கிப்பிடிக்கிற மாணவனுக்கு முதல் சங்கதி முழங்கும், மூன்றாவதில் மூச்சு வாங்கும்.

இனி சுவர். முன்னால் தெரிகிற நேர்த்தசை, ஜிம்மில் சிக்ஸ் பேக் என்கிறார்களே அது, நடுவில் வெண்கோடு என்கிற நாரால் இரண்டாகப் பிரிந்து நெஞ்செலும்பு, விலாக்களிலிருந்து இடுப்புக்கூட்டின் முன்எலும்பு வரை நீள்கிறது. குறுக்கே பெரும்பாலும் மூன்று தசைநார்ப் பட்டைகள். கட்டம் எத்தனை, இரண்டு பக்கமும் நேராக இருக்குமா கோணலாக இருக்குமா என்பதெல்லாம் பிறப்பிலேயே முடிவானது, எவ்வளவு எடை தூக்கினாலும் நாலு ஆறாகாது. சிட்-அப் எடுத்தால் தொப்பை கரையும் என்பதும் பொய்தான். கொழுப்பு தோலுக்கு அடியிலும் வயிற்றறைக்கு உள்ளேயும் இருக்கிறது, தசை நடுவில். தசையை வளைத்து வளைத்து மேலே உள்ள கொழுப்பை மட்டும் உருக்க உடம்பில் வழியில்லை. ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டா சால்னாவை நிறுத்தாமல் காலையில் நூறு சிட்-அப் எடுப்பவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

பக்கச் சுவரில் மூன்று அடுக்கு. வெளிச்சாய்வுத் தசையின் இழைகள் பேண்ட் பைக்குள் கையை விட்டால் விரல் போகிற திசையில், கீழ்நோக்கி முன்னால் ஓடும். உட்சாய்வுத் தசை அதற்குக் குறுக்கே, பெரும்பாலும் மேல்நோக்கி. எல்லாவற்றுக்கும் உள்ளே குறுக்குத் தசை, கிடையாக. மாணவர்கள் தவறுவது இங்கே: வலப்பக்கம் திரும்ப வலது தசைகள் என்று எழுதிவிடுவார்கள். உடம்பை வலப்பக்கம் திருப்புவது இடது வெளிச்சாய்வும் வலது உட்சாய்வும் சேர்ந்து. இரண்டின் இழைகளும் நடுக்கோட்டைத் தாண்டி ஒரே வரிசையில் போவதைப் படத்தில் பார்த்துவிட்டால் மறக்காது. நேர்த்தசையின் உறையிலும் ஒரு சிக்கல் உண்டு. மேல்பகுதியில் அந்த உறை முன்னும் பின்னும் இருக்கும், தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே வளைகோடு என்கிற எல்லையைத் தாண்டினால் மூன்று தசைகளின் நார்ப்படலமும் முன்னால் போய்விடும், பின்னால் மெல்லிய திசுவும் வயிற்றறையின் உட்படலமும்தான்.

இந்தச் சுவரைத் தனியாகப் பார்ப்பதே பாதித் தவறுக்குக் காரணம். மேலே உதரவிதானம், சுற்றிலும் இந்தத் தசைகள், பின்னால் முதுகெலும்பும் அதன் பக்கத் தசைகளும், கீழே இடுப்புத்தளத் தசைகள். நாலும் சேர்ந்து மூடிய ஓர் அறை, ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் அழுத்தம் ஏறும். களக்காட்டிலோ அம்பையிலோ வாழைத்தாரைத் தோளுக்கு ஏற்றுகிறவர் தூக்குகிற கணத்தில் மூச்சைப் பிடிக்கிறாரே, அந்த அழுத்தம்தான் முதுகெலும்பைத் தாங்குகிறது. ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் வடத்தை இழுப்பவர்களும் அதையேதான் செய்கிறார்கள். அது தவறில்லை. தூக்கி முடித்த பிறகும் மூச்சை விடாமல் நடப்பது தவறு, ரத்தக்கொதிப்பும் இதய நோயும் உள்ளவர்கள் மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்குவதே தவறு.

அழுத்தம் ஏறினால் பலவீனமான இடத்தைத் தேடும். தொடை இடுக்கில் நாலு சென்டிமீட்டர் நீளமுள்ள கால்வாய் ஒன்று சுவரைச் சாய்வாகத் துளைக்கிறது, ஆண்களுக்கு விந்துநாளம் அந்த வழியாகப் போவதால் இடம் இன்னும் தளர்ந்தது. குடலிறக்கம் அதிகம் அங்கேதான். பாரம் தூக்கினதால்தான் வந்தது என்று முடிவு கட்டுவது நம் பழக்கம். பிறவியில் மூட வேண்டிய பை மூடாமல் விட்டிருக்கலாம், பச்சைப் பிள்ளைக்கே வருகிறதே. நாள்பட்ட மலச்சிக்கலில் முக்குவது, புராஸ்டேட் வீக்கத்தில் சிறுநீருக்கு முக்குவது, பீடி இருமல் எல்லாம் நாள் முழுக்க அந்த இடத்தை இடித்துக்கொண்டே இருக்கின்றன. இருமலை விட்டுவிட்டு ஆபரேஷன் மட்டும் செய்தால் திரும்ப வர வாய்ப்பு அதிகம். கடையில் விற்கிற பெல்ட் வீக்கத்தை அமுக்கி வைக்குமே தவிர ஓட்டையை மூடாது. படுத்தால் உள்ளே போய்க்கொண்டிருந்த வீக்கம் ஒருநாள் போகாமல் இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் எண்ணெய் தடவி உள்ளே தள்ளிப் பார்க்கிற வேலை வேண்டாம், உள்ளே சிக்கிய குடல் சில மணி நேரத்தில் அழுக ஆரம்பிக்கும். குழந்தையின் தொப்புள் புடைப்பு வேறு கதை. அது பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானாக மூடிக்கொள்ளும், காசை வைத்துக் கட்டுவதால் சீக்கிரம் மூடாது, தோல்தான் புண்ணாகும்.

பிள்ளை பெற்ற வீட்டில் சேலையால் வயிற்றை இறுக்கிக் கட்டுகிறார்கள். இதமாகக் கட்டினால் முதுகுக்குத் தாங்கல், அதில் குற்றமில்லை. மூச்சு முட்டுகிற அளவுக்கு இறுக்கினால் அழுத்தம் கீழே போய், ஏற்கெனவே தளர்ந்திருக்கிற இடுப்புத்தளத்தில் விழும், இருமினால் சிறுநீர் கசிவது கூடும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வெண்கோடு விரிந்து நேர்த்தசைகள் விலகுவது பெரும்பாலோருக்கு நடப்பது, பலருக்கு மாதங்களில் நெருங்கிவிடும். மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கும்போது நடுவில் மேடாக எழும்பினால், அந்த நிலையில் சிட்-அப் எடுப்பது வயிற்றைத் தட்டையாக்குவதற்குப் பதில் நடுக்கோட்டை இன்னும் தள்ளும். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே அடிவயிற்றையும் இடுப்புத்தளத்தையும் மெதுவாக உள்ளே இழுக்கிற பயிற்சிதான் முதல் படி, அதையும் பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்வது நல்லது. அத்தைகளிடம் இதைச் சொன்னால் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்கள், பரவாயில்லை.

குழந்தை அழுதால் குடலேற்றம் என்று வயிற்றை வழித்துவிடுகிற பழக்கமும் இங்கே உண்டு. சும்மா அழுகிற பிள்ளைக்கு மென்மையாகத் தடவினால் கெடுதல் இல்லை. விட்டுவிட்டு வீறிட்டு அழுது, காலை வயிற்றோடு மடக்கி, வாந்தி எடுத்து, மலத்தில் ரத்தமும் சளியும் வந்தால் குடலுக்குள் குடல் சொருகியிருக்கலாம், அதை வழித்துவிடவே கூடாது. குடல் உண்மையிலேயே மேலே ஏறுகிற நோய் ஒன்று இருக்கிறது, அது பிறவியில் உதரவிதானத்தின் பின்பக்கம், பெரும்பாலும் இடதில், ஓட்டை விட்டுப்போவது. குடல் நெஞ்சுக்குள் போய் நுரையீரலை வளரவிடாது. அப்படிப்பட்ட குழந்தை பெரும்பாலும் பிறந்த உடனே மூச்சுக்குத் திணறும், கிழவி கைக்கு வருகிற கேஸ் இல்லை அது.

மாணவர்களுக்கு ஒன்று. 8, 10, 12 என்று மனப்பாடம் செய்துவிட்டு ஏன் என்று கேட்டால் முழிக்கிறார்கள். எட்டாம் நெஞ்சு முள்ளெலும்பு மட்டத்தில் கீழ்ப்பெருஞ்சிரை நடுவில் உள்ள நார்ப்பகுதி வழியாகப் போகிறது, தசை சுருங்கும்போது அந்தத் துளை நெரியாமல் விரிகிறது, ரத்தம் மேலே ஏறச் சுளுவாகிறது. பத்தில் உணவுக்குழாய் தசைக்கு நடுவே, வேகஸ் நரம்புகளோடு. அங்கே சுருக்கினால் நல்லதுதான், அமிலம் மேலே வராது. வயிறு முட்டத் தின்றுவிட்டுக் குனிந்து வேலை செய்தால் நெஞ்செரிவது அந்தப் பிடியை மீறித்தான். பன்னிரண்டில் மகாதமனி தசையைத் துளைக்கவே இல்லை, அதன் பின்னால் போகிறது, நிணநீர் பெருங்குழாயும் கூட. ஆகவே ஒவ்வொரு மூச்சுக்கும் காலுக்குப் போகிற ரத்தம் தடைபடுவதில்லை. "மூன்றும் உதரவிதானத்தைத் துளைக்கின்றன" என்று எழுதினால் மார்க் போகும்.

விக்கல் என்பது அந்தத் தசை திடீரென்று சுருங்க, குரல்வளை வாயில் படக்கென்று மூடுவது. யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடியுங்கள், சரியாகிவிடும். 48 மணி நேரம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் சிறுநீரகம், மூளை, அல்லது அந்த நரம்பு போகிற வழியில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அப்போது வீட்டு வைத்தியத்தோடு நிற்காதீர்கள்.