பிரசங்கத்தில் சுவிசேஷம் நழுவும் இடங்கள்

பிரசங்கத்தில் இயேசுவின் பெயரை நாலு தடவை சொல்லிவிட்டால் சுவிசேஷம், அதாவது அவரைப் பற்றிய நற்செய்தி, சொல்லியாயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். கொரிந்து சபையாருக்குப் 'பிரதானமாக' ஒப்புவித்தது எது என்று அப்போஸ்தலன் பவுலே எழுதியிருக்கிறார் (1 கொரிந்தியர் 15:3-4): கிறிஸ்து நமது பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார். இது வராத பிரசங்கம் நல்ல குடும்ப ஆலோசனையாக இருக்கலாம், அவ்வளவுதான். கடன் தீர்ந்தது, விசா கிடைத்தது என்ற சாட்சிகளையும் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அதோடு நிறுத்திவிட்டால், விசா கிடைக்காமல் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு நம்மிடம் என்ன செய்தி இருக்கிறது?

சுவிசேஷம் வெளியாருக்கு மட்டும்தான், கன்வென்ஷன் என்னும் பொதுக் கூட்டத்தின் பந்தலோடு அது முடிந்துவிடும் என்பது அடுத்த தவறு. ரோமாபுரியில் இருந்த விசுவாசிகளுக்கே சுவிசேஷத்தைப் பிரசங்கிக்க விரும்புவதாகப் பவுல் எழுதினார் (ரோமர் 1:15).

அப்புறம், பிரசங்கமா சேவையா என்று எதிரெதிராக நிறுத்துவது. கப்பர்நகூமில் பல நோயாளிகளைச் சுகமாக்கிய மறுநாள், எல்லாரும் தேடுகிறார்கள் என்று சீஷர்கள் சொன்னபோது, அடுத்த ஊர்களிலும் பிரசங்கிக்கவேண்டும், அதற்காகவே வந்தேன் என்றார் இயேசு. அப்படிப் புறப்பட்டவர் வழியில் வந்த குஷ்டரோகியைத் தள்ளிவிடவில்லை, மனதுருகித் தொட்டார் (மாற்கு 1). எருசலேம் சபையில் விதவைகளுக்கு உணவு பரிமாறும் பந்தி விசாரணையில் முறுமுறுப்பு வந்தபோதும் அப்போஸ்தலர் ஜெபத்தையும் வசனத்தையும் விடவில்லை. பந்தியையும் கைவிடவில்லை, அதைக் கவனிக்க ஏழு பேரை ஏற்படுத்தினார்கள். அந்த ஏழு பேரில் ஒருவரான பிலிப்புதான் பின்பு எத்தியோப்பிய மந்திரியின் இரதத்தில் ஏறி, ஏசாயா 53-இலிருந்து இயேசுவை அறிவித்தவர். போதகர் ஒருவரே நிர்வாகம், கட்டட நிதி, கல்யாணம் என்று ஓடிவிட்டுச் சனிக்கிழமை இரவு வேதத்தைத் திறக்கும் சபைகள் அப்போஸ்தலர் 6-ஐ நிதானமாக வாசிக்கலாம்.

கடைசியாக, பிறர் வணங்குவதைக் கேலி செய்வது. தெருமுனைக் கூட்டங்களில் இதைத் தைரியம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். எபேசுவில் கலகம் மூண்டபோது, பவுலோடிருந்தவர்கள் எங்கள் தேவியைத் தூஷித்தவர்கள் அல்ல என்று அந்தப் பட்டணத்து அதிகாரியே கூட்டத்துக்குச் சொன்னார் (அப்போஸ்தலர் 19:37). இத்தனைக்கும் பவுல் அந்தப் பக்கத்தில் பிரசங்கித்தது இரண்டு வருஷத்துக்கும் மேல்.