வெட்டு மெசின் எவ்வளவு நெல்லைச் சிந்துகிறது? வயலிலேயே அளந்து பார்க்கும் முறை

பெரும்போக நெல் வெட்டு தொடங்கிவிட்டால், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் எந்தத் தேத்தண்ணிக் கடையில் இருந்தாலும் ஒரே வழக்குத்தான் காதில் விழும். "அந்த மெசினைப் பிடிக்காதே, பாதி நெல்லை வயலுக்குள்ள கொட்டிட்டுப் போறான்." ட்றைவரைக் கேட்டால், "நெல்லு முத்திப் போச்சு, நான் என்ன செய்ய?" என்பார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கலாம். எவ்வளவு சிந்தியது, மெசினில் எந்த இடத்தில் சிந்தியது என்று யாரும் அளக்காத வரை அது வெறும் வாய்ச்சண்டை.

வேளாண் பொறியியல் படிக்கும் இறுதியாண்டுப் பிள்ளைகளை வயலுக்குக் கூட்டிப்போய் அளக்கப் பழக்குவது என் வேலை. அறுவடை இயந்திரத்தைச் சோதிக்க ஐஎஸ்ஓ 8210 என்று சர்வதேச முறை ஒன்று இருக்கிறது. அதை எழுத்துக்கு எழுத்து செய்ய ஆளும் கருவியும் நிறைய வேண்டும். நான் இங்கே சொல்வதை நாலு பேர், ஒரு கயிறு, ஒரு தராசு இருந்தால் செய்யலாம். ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் உதவும், உங்கள் அப்பாவின் வயலுக்கும் உதவும்.

முதலில் சாமான். நைலோன் கயிறு, நாலு முளை, அளவு நாடா, கைபேசியில் ஒரு நேரமானி, ஒரு சுளகு, ஒரு அரிதட்டு, கொஞ்சம் சொப்பிங் பை, ஒரு படங்கு. தராசு 0.1 கிராம் வரை காட்ட வேண்டும். கடையில் அரிசி நிறுக்கும் தராசு இதற்குச் சரிவராது. ஈரமானி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் நெல்லைக் காற்றுப் புகாமல் கட்டி, அன்றைக்கே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள். ஒவ்வொரு பையிலும் பென்சிலால் எழுதிய துண்டு ஒன்றைப் போடுங்கள். பேனா எழுத்து வைக்கோல் ஈரத்தில் கரைந்து, பின்னேரம் எந்தப் பை எந்த இடத்தது என்று முழிக்க வேண்டிவரும்.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது, சிந்திய நெல்லைப் பொறுக்கும் இடத்தைக் குறிக்க வைக்கும் சட்டத்தில்தான். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரமாகச் சட்டம் செய்து, மெசின் போன பிறகு வைக்கோல் வரிசைக்கு நடுவில் கொண்டுபோய் வைப்பார்கள். மெசின் 2 மீட்டர் அகலத்தில் வெட்டுகிறது. வைக்கோலையும் பதரையும் அதைவிட ஒடுங்கிய பட்டையில் கொட்டுகிறது. நடுவில் வைத்தால் சிந்தல் உள்ளதைவிடக் கூடத் தெரியும். ஓரத்தில் வைத்தால் ஒன்றுமே சிந்தாத மாதிரி இருக்கும். ஒரே மெசின், ஒரே ஓட்டம், இரண்டு விடை. ஆகவே சட்டம் வெட்டுகிற அகலம் முழுவதையும் குறுக்கே மூட வேண்டும். அகலம் 2 மீட்டர் என்றால் நீளம் 50 சென்டிமீட்டர். பரப்பு சரியாக 1 சதுர மீட்டர். அகலம் 1.5 மீட்டர் என்றால் நீளம் 67 சென்டிமீட்டர். அடிக்கட்டைகளுக்கு மேல் குழாய்ச் சட்டம் ஒழுங்காக இருக்காது. நாலு முளை அடித்துக் கயிறு கட்டுவதுதான் லேசு.

அளவு மூன்று இடத்தில் எடுக்க வேண்டும்.

ஒன்று, மெசின் இன்னும் போகாத பயிருக்குள். காற்று, மழை, மயில், எலி எல்லாம் ஏற்கெனவே கொட்டிய நெல் அங்கே கிடக்கும். அதை மெசினின் தலையில் கட்டக்கூடாது. நாள் தவறி முத்திய வயலில் இது ஒன்றே ஆளை யோசிக்க வைக்கும்.

இரண்டாவது, வெட்டுத் தலை, அதாவது மெசினின் முன்னால் பயிரை வெட்டி உள்ளே எடுக்கும் பகுதி, சிந்தியது. மெசின் வயலுக்குள் நுழைந்து 15, 20 மீட்டர் ஓடி, வயிறு நிறைந்து ஒரே சீராக ஓடும்போது ட்றைவருக்குக் கை காட்டி நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு தன் நீளமளவு பின்னுக்கு எடுக்கச் சொல்லுங்கள். இப்போது வெட்டுத் தலைக்கு முன்னால், நிற்கிற பயிர் வரைக்கும், வெட்டப்பட்டும் பின்பக்க வைக்கோல் விழாத ஒரு துண்டு நிலம் இருக்கும். அங்கே கட்டுங்கள் கயிற்றை. உதிர்ந்த மணி, அறுந்து விழுந்த கதிர், கத்தி தவறவிட்ட தாளில் தொங்குகிற கதிர் எல்லாவற்றையும் எடுங்கள். எஞ்சினை நிறுத்தி, சாவி ட்றைவரின் கைக்குப் போன பிறகுதான் யாரும் தலைக்கு முன்னால் போகலாம். இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. மட்டக்களப்பு, அம்பாறை வயல்களில் ஓடுகிற மெசின்களில் பட்டிகளுக்கு மேலான மூடி கழன்று போனவையும் உண்டு. சாரம், தாவணி, தொங்குகிற முந்தானை எதுவும் கிட்டவே வேண்டாம்.

மூன்றாவது, மெசின் முழுதாகக் கடந்துபோன இடம். கயிற்றைக் கட்டி, உள்ளே கிடக்கும் வைக்கோலைப் பிடி பிடியாக எடுத்துப் படங்கில் உதறுங்கள். கதிரில் இன்னும் ஒட்டியிருக்கும் மணி ஒரு பைக்கு, உதிர்ந்த மணி இன்னொரு பைக்கு. இந்தப் பிரிப்பை அலுப்பில் விட்டுவிடாதீர்கள். மெசினுக்கு என்ன வருத்தம் என்று சொல்லப்போவது இதுதான். சங்கிலித் தடம் பதிந்த இடத்தில் மணிகள் சேற்றுக்குள் அமுங்கிக் கிடக்கும். மேலால் பார்த்தால் தெரியாது. ஒரு விரல் ஆழத்துக்குச் சேற்றை வழித்து அரிதட்டில் போட்டு வாய்க்கால் தண்ணீரில் அலசினால், சேறு கரைந்து மணிகள் ஒவ்வொன்றாக மினுங்கும். மணியா பதரா என்று ஐயம் வந்தால் நகத்தால் அமுக்கிப் பாருங்கள். உள்ளே அரிசி தட்டுப்பட்டால் நெல், தட்டையாய் அமுங்கினால் பதர்.

இந்த வேலையைப் பார்த்துக்கொண்டு வரம்பில் நின்ற ஒரு பெரியவர், "சிந்தின நெல்லை எண்ணவா மனே கம்பஸ் போற?" என்று ஒரு பிள்ளையைக் கேட்டார். ஓமென்று சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அவரும் குந்தியிருந்து பொறுக்கினார்.

இனிக் கணக்கு. உதாரணத்துக்கு, நிற்கும் பயிருக்குள் 2 கிராம், வெட்டுத் தலைக்கு முன்னால் 7 கிராம், பின்னால் மொத்தம் 20 கிராம் கிடைத்தது என்று வையுங்கள். வெட்டுத் தலை சிந்தியது 7இலிருந்து 2 போக 5 கிராம். சூடடித்துப் பிரிக்கும் பகுதி சிந்தியது 20இலிருந்து 7 போக 13 கிராம். மெசினின் பொறுப்பு 18 கிராம். ஒரு ஏக்கர் 4047 சதுர மீட்டர் என்பதால், சதுர மீட்டருக்கு 1 கிராம் என்பது ஏக்கருக்கு ஏறக்குறைய 4 கிலோ. 18 கிராம் என்றால் 73 கிலோ, புசலில் மூன்றரை (ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ). அந்த ஏக்கரில் 2000 கிலோ கைக்கு வந்திருந்தால் சேதம் 3.5 சதவீதம். கிராமில் பார்க்கும்போது கையளவு நெல்தான். புசலில் சொல்லும்போதுதான் வயல்காரர் நிமிர்ந்து உட்காருவார்.

தராசு இல்லாத நாளில் எண்ணியும் பார்க்கலாம். முன்கூட்டியே அந்த இன நெல்லில் 1000 மணியை எண்ணி எங்காவது நிறுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1000 மணி 25 கிராம் என்றால், சதுர மீட்டரில் 400 மணி என்பது 10 கிராம், ஏக்கருக்கு 40 கிலோ. கீரிச்சம்பா மாதிரிப் பொடி நெல்லுக்கு இந்த 25ஐப் போட்டுவிடாதீர்கள். அதன் மணி மிகவும் இலேசு.

ஈரத் திருத்தம் ஆராய்ச்சிக்குக் கட்டாயம். வெட்டும்போது நெல் 20 முதல் 25 சதவீத ஈரத்தில் இருப்பது நல்லது. நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பதோ 14. எல்லா எடையையும் 14க்குக் கொண்டுவந்தால்தான் ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிடலாம். எடையை, நூறிலிருந்து ஈரத்தைக் கழித்து வருவதால் பெருக்கி, 86ஆல் பிரியுங்கள். 22 சதவீத ஈரத்தில் 100 கிலோ, 14க்கு வரும்போது 90.7 கிலோதான்.

வேகத்தை அளக்காமல் சேதத்தை மட்டும் அளப்பது அரை வேலை. வரம்போரம் 20 மீட்டருக்கு இரண்டு கம்பு நட்டு, மெசினின் ஒரே புள்ளி, முன் சக்கரமோ தடமோ, ஒரு கம்பிலிருந்து மற்றக் கம்பைக் கடக்க எத்தனை செக்கன் என்று பாருங்கள். 72ஐ அந்தச் செக்கனால் பிரித்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும்: 24 செக்கன் என்றால் 3, 18 செக்கன் என்றால் 4. வேகம் கூடினால் ஒரே நேரத்தில் உள்ளே போகும் வைக்கோல் கூடுகிறது. அதைக் கிளறி மணியைக் கீழே இறக்கச் சூடடிக்கும் உருளைக்கும் சல்லடைக்கும் நேரம் போதாமல், மணி வைக்கோலோடு வெளியே போகிறது. நான் பார்த்த வரை சிந்தலுக்கு மெசினின் பெயரைவிட வேகம்தான் பெரிய காரணம். ஏக்கர் கணக்கில் கூலி பேசினால் ட்றைவர் வேகமாக ஓடத்தான் பார்ப்பார். அவரைக் குறை சொல்லி என்ன?

இதை நிரூபிக்க வேண்டுமானால், காலையில் ஒரு வேகமும் மத்தியானம் இன்னொரு வேகமும் ஓடி ஒப்பிடாதீர்கள். காலையில் பனி ஈரத்தில் வைக்கோல் மணியை விடாது; மத்தியானம் காய்ந்த கதிர் தொட்டாலே உதிரும். நீங்கள் அளந்தது வேகத்தையா வெயிலையா என்று பரிசோதகர் கேட்பார். பனி காய்ந்த பிறகு, ஒரே கண்டத்தில் (வரம்பு சூழ்ந்த ஒரே வயல் துண்டில்), ஒரே ட்றைவரோடு, ஒரு பட்டை மெதுவாக, அடுத்த பட்டை வேகமாக என்று மாற்றி மாற்றி ஓடுங்கள். எந்தப் பட்டை முதல் என்பதைத் துண்டு போட்டு எடுங்கள். ஒவ்வொரு வேகத்துக்கும் குறைந்தது மூன்று பட்டை. சாய்ந்த வெள்ளாமையையும் நிமிர்ந்ததையும் ஒரே சராசரிக்குள் போடாதீர்கள். வடகீழ்ப் பருவக்காற்று மழைக்குள் அகப்பட்ட பெரும்போகத்தில் இரண்டும் ஒரே கண்டத்துக்குள்ளேயே கிடக்கும், தனித்தனியாகக் குறியுங்கள். மூலையிலும் வரம்போரத்திலும் மெசின் எட்டாமல் கையால் வெட்டிய நெல் சிந்தலில் சேராது. அதற்கு வேறு பையும் வேறு வரியும் வேண்டும்.

பைகள் சொல்வதை வாசிக்கத் தெரிந்தால், திருத்தம் பெரிய விசயமில்லை. கதிரில் ஒட்டிய மணி கூடினால் உருளை வேகம் போதாது, அல்லது உருளைக்கும் அதன் அடியில் உள்ள வலைக்கும் இடைவெளி கூட, அல்லது நெல் ஈரம். வைக்கோலுக்குள் உதிர்ந்த மணி கூடினால் வேகத்தைக் குறையுங்கள். பதரோடு முற்றிய மணி பறந்தால் விசிறிக் காற்று பலம், அல்லது சல்லடை அடைத்திருக்கிறது. வெட்டுத் தலையில் கூடினால் கத்தி மொட்டை, இல்லாவிட்டால் பயிரைக் கத்திப் பக்கம் சாய்த்துக் கொடுக்கும் சுழலி, அதாவது ரீல், கதிரை அடிக்கிறது. நிமிர்ந்த பயிருக்கு ரீலின் விளிம்பு மெசினின் வேகத்தைவிடக் கால் பங்கு கூடச் சுற்றினால் போதும். தாங்கியில் விழும் நெல்லையும் ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். உமி கழன்ற அரிசியும் உடைந்த மணியும் தெரிந்தால் உருளை வேகம் மிதமிஞ்சியது. ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றி, திரும்ப அளந்து பாருங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

இன்னொரு அளவும் சேர்த்து எடுத்தால் அறிக்கை கனக்கும். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகம், 2 மீட்டர் அகலம் என்றால் கணக்குப்படி மணிக்கு 0.8 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 2 ஏக்கர் வெட்ட வேண்டும். உண்மையில் திரும்புவதும் நெல் இறக்குவதும் வரம்பு கடப்பதும் நேரத்தைத் தின்னும். முழு நேரத்தையும் குறித்து, வெட்டிய பரப்பை அதனால் பிரித்துப் பாருங்கள். சின்னக் கண்டங்கள் உள்ள வயல் வட்டையில் இது நன்றாக விழுந்துவிடும். சிந்தலைக் குறைக்க வேகத்தைக் குறைத்தாலும், நாள் முடிவில் வெட்டிய ஏக்கர் அதே அளவுக்குக் குறைவதில்லை என்பதையும் இந்தக் கணக்கே காட்டும். ட்றைவரைச் சம்மதிக்க வைக்க இதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

மெசின் அடுத்த வயலுக்குப் போகுமுன் தாங்கி, சல்லடை, தடம் மூன்றையும் தட்டித் துப்புரவாக்கச் சொல்லுங்கள். போன வயலின் மணி உங்கள் மாதிரியில் கலந்தால் அளவு கெடும், களைநெல் விதையும் அதில் ஏறித்தான் ஊர் மாறுகிறது.

அளந்ததை அன்றைக்கே வயல்காரருக்கும் ட்றைவருக்கும் ஒன்றாக வைத்துச் சொல்லுங்கள். அடுத்த போகத்துக்குக் கூலி பேசும்போது இப்படிப் பேசலாம்: முதல் பட்டை ஓடினதும் நிறுத்துவது, கயிறு கட்டிப் பார்ப்பது, இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட வேகத்தில் மிச்சத்தை வெட்டுவது, மெதுவாக ஓடுவதற்கு ஏக்கருக்கு இவ்வளவு கூட என்று முதலே சொல்லிவைப்பது. மூன்று புசலின் விலையோடு ஒப்பிட்டால், அந்தக் கூடுதல் கூலி எவ்வளவு வரை கட்டுபடியாகும் என்று வயல்காரரே கணக்குப் பார்த்துக்கொள்வார்.