மீன் வண்டிக்கு பிரேக் ஹோஸ் மாற்றுவது: உப்பு தின்ற நட்டைக் கழற்றும் வழி

பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் பிக்கப்பில் மீன் ஏற்றுகிறவர்கள் பிரேக் ஹோஸை, அதாவது சக்கரத்துக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் குழாயை, சோதிக்கும்போது ரப்பரை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். இரண்டு முனையிலும் இருக்கும் இரும்பைப் பாருங்கள். பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் பாடித் தளத்தின் ஓட்டை வழியாக இறங்கி சேஸிஸிலும் பின் ஆக்சிலிலும் சொட்டிக்கொண்டே இருக்கிறது, போதாததற்குக் கடல்காற்று வேறு. அதனால் ரப்பர் புதுசு மாதிரி இருக்கும்போதே அதை இறுக்கிப் பிடித்திருக்கும் இரும்பு மூடி துருவேறி உப்பிவிடும். 2025இல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கே ஸ்டெயின்லெஸ் கம்பியும் தனிப் பூச்சும் தேவைப்பட்டது என்றால், நம் வண்டியின் பிரேக் பைப் நட்டின் கதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான பிக்கப்பில் மூன்று ஹோஸ் இருக்கும். முன் சக்கரத்துக்கு ஒவ்வொன்று, சேஸிஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு ஒன்று. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வைத்து ஹோஸைக் கையால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு, டயர் உரசிய தடம், முனையில் ஈரம் ஏதாவது இருந்தால் மாற்ற வேண்டியதுதான். இன்னொருவரை பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லி ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், எங்காவது புடைத்தாலும் மாற்றுங்கள்.

வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள் அடைத்துக்கொண்ட ஹோஸ்தான் மெக்கானிக்கையே சுற்ற வைக்கும். மிதிக்கும் வேகத்தில் ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வர வழியிருக்காது. ஒரு பக்கச் சக்கரம் சூடாகும், வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். சக்கரம் பிடித்திருக்கும்போதே சேஸிஸ் பக்க யூனியனை (இரும்பு பைப்பும் ஹோஸும் சேரும் இணைப்பை) லேசாகத் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் கோளாறு மேலே, பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடாமல் இருந்து, காலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்வும் பகுதியில்) ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்ததும் விட்டால் ஹோஸ் அடைப்பு. அதற்கும் அசையவில்லையா, காலிப்பரே துருப்பிடித்திருக்கிறது.

சரி, கழற்றும் வேலை. மணலில் ஜாக்கி போட்டால் இறங்கும், அடியில் அகலமான பனம்பலகை வையுங்கள். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, ஸ்டாண்டில் வண்டியை இறக்கிய பிறகுதான் கீழே போக வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பிப் படுக்கவே கூடாது.

ஸ்பேனர் விஷயத்தில் என் கருத்து ஒன்றுதான்: பைப் நட்டுக்கென்றே வரும் ஃப்ளேர் நட் ஸ்பேனர் வாங்குங்கள். டபுள் எண்ட் ஸ்பேனர் துருப்பிடித்த நட்டின் மூலையை வழித்துவிடும், அதற்கப்புறம் வைஸ் கிரிப் போட்டால் நட்டே நசுங்கும். முதல் நாள் இரவே கம்பி பிரஷ்ஷால் துருவைத் தட்டி, துரு இளக்கும் ஆயிலை விட்டு வையுங்கள்.

இங்கே அவசரப்படாதீர்கள். நட் சுற்றுகிறதே என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் அதற்குள் போகும் இரும்பு பைப்பைக் கவனியுங்கள். நட்டோடு பைப்பும் சேர்ந்து திரும்பினால் உடனே நிறுத்துங்கள், இன்னும் கால் சுற்றில் பைப் முறுக்கி உடையும், சின்ன ஹோஸ் வேலை முழு பைப் லைன் வேலையாகிவிடும். அப்போது நட்டைச் சுற்றாமல் ஹோஸைச் சுற்ற வேண்டும். எப்படியும் தூக்கிப்போடப் போகிற ஹோஸ்தானே, முனையைச் சேஸிஸ் தாங்கியில் பிடித்திருக்கும் கிளிப்பைப் பிடுங்கிவிட்டு நடுவில் அறுத்துவிடுங்கள், தாங்கியிலிருந்து முனை வெளியே வரட்டும். நட்டை ஃப்ளேர் ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, ஹோஸ் முனையின் இரும்பை இன்னொரு ஸ்பேனரால் கழற்றுங்கள். பைப் நின்ற இடத்திலேயே நிற்கும். அறுப்பதற்கு முன் புது ஹோஸைப் பழையதோடு சேர்த்துப் பிடித்து நீளமும் மரையும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள், அறுத்தபிறகு வண்டி அந்த இடத்தை விட்டு நகராது. நட்டை கேஸ் வைத்துச் சூடு பண்ணுகிறவர்கள் உண்டு. பிரேக் ஆயில் தீப்பிடிக்கும், வேண்டவே வேண்டாம்.

மாட்டும்போது, நேராக மரையில் ஏறும் முனையை முதலில் இறுக்கிவிட்டு அப்புறம் பைப் நட்டைப் பிடியுங்கள், மாற்றிச் செய்தால் ஹோஸ் முறுக்கிக்கொள்ளும். ஹோஸின் மேல் ஓடும் கோடு நேராக இருக்க வேண்டும். பைப் நட்டை முதல் சில மரை கையால்தான் ஏற்ற வேண்டும். நடுவில் ஆயில் போகும் ஓட்டையுள்ள பேஞ்சோ போல்ட் இருந்தால் அதற்கு இரண்டு பக்கமும் புதுச் செம்பு வாஷர், கிளிப்பும் புதுசு. ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து எங்கும் உரசவில்லை என்று பாருங்கள்.

ஏர் எடுப்பது, அதாவது பிரேக் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றுவது, பலருக்கும் தெரிந்ததுதான். மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருக்கும் நம் வண்டிகளில் பொதுவாக பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வரும், கையேட்டில் வேறு மாதிரி இருந்தால் அதன்படி. மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் டப்பாவில் ஆயில் தீர விடாதீர்கள். டப்பா மூடியில் போட்டிருக்கும் ரகத்தையே, சீல் உடைக்காத புது டின்னில் வாங்குங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 ரக ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறினால் அந்தக் குறைந்தபட்ச அளவு 155 டிகிரிக்கு வந்துவிடும். நம் ஊர்க் காற்றில் பாதி டின்னை மூடி வைத்து அடுத்த வருஷம் ஊற்றுவது சரியில்லை.

வேலை முடிந்ததும் எஞ்சினை ஓட விட்டு, பெடலை ஒருவர் அழுத்திப் பிடிக்க, டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் பாரம் இல்லாமல் காலி இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். பைப்பிலும் நட்டிலும் மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள், ரப்பரில் மட்டும் பட வேண்டாம். வண்டி கழுவுவது நல்ல தண்ணீரில் இருக்கட்டும், போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கழுவுவதில் பலனே இல்லை.

பிறகு சேர்த்தது: "அண்ணே, ஏர் எடுத்தும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குதே" என்று சிலர் கேட்டிருந்தார்கள். பின் ஆக்சிலைத் தொங்க விட்டு ஏர் எடுத்தீர்களா என்று பாருங்கள். பல பிக்கப்பில் பாரத்துக்குத் தகுந்தபடி பின் பிரேக்குக்கு ஆயிலை விடும் ஒரு வால்வு சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இருக்கும். ஆக்சில் தொங்கினால், பாரமே இல்லை என்று அது பின்பக்கத்தைக் குறைத்துவிடும், காற்று உள்ளேயே தங்கிவிடும். ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அடியில் வைத்து, வண்டியின் எடை ஸ்பிரிங்கில் இறங்கிய நிலையில் பின் சக்கரம் இரண்டுக்கும் மறுபடி ஏர் எடுங்கள். பிரேக் சிலிண்டரை டீசலில் கழுவலாமா என்றும் ஒருவர் கேட்டார். கூடாது, உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிப்போகும். பிரேக் ஆயிலிலேயே கழுவுங்கள்.