பென்சில் கொடுக்குறதுக்கு முன்னாடி மணல்ல விடுங்க

எங்க பாம்பன் பக்கம் இப்ப மூணு வயசு ஆனாலே புள்ள கையில பென்சிலக் கொடுத்து அ ஆ எழுதுன்னு உக்கார வச்சிடுறோம். நானும் அதான் செஞ்சேன். எம்மகன் ரெண்டு வரி எழுதுறதுக்குள்ள கை வலிக்குதும்மான்னு அழுவான், பென்சில முழுக் கையால மடக்கி கத்தி பிடிக்கிற மாதிரி பிடிப்பான், ஸ்கூல்ல இருந்து கவனமே இல்லன்னு டைரில எழுதி விட்டாங்க. கவனமெல்லாம் இருந்துச்சு, கையும் தோளும்தான் அதுக்கு இன்னும் தயாராகல.

பொறக்கும்போது மணிக்கட்டுல இருக்கறது பூரா குருத்தெலும்புதான், அது ஒவ்வொண்ணா எலும்பா மாற வருஷக்கணக்காகும். பலமும் மொதல்ல கழுத்து, அப்புறம் முதுகு, தோளுன்னு வந்து கடைசியாத்தான் விரல் நுனிக்கு வரும். முதுகு நிக்காத புள்ளைக்கு பெஞ்சுல நேரா உக்காரவே தெம்பு பூரா செலவாயிடும், டீச்சர் சொல்றத எங்கிட்டு கேக்கும்?

அதனால கைக்குழந்தையிலயே ஆரம்பிங்க. எந்நேரமும் தூளியில போடாம, முழிச்சிருக்கும்போது பாயில குப்புறப் போட்டு, நீங்களும் எதுத்தாப்புல படுத்து ஓலைக் கிலுகிலுப்பைய ஆட்டுனா தலையத் தூக்கிப் பாக்கும். உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்ன கணக்கு ஒரு நாளைக்கு 30 நிமிஷம், ரெண்டு மூணு நிமிஷமா பிரிச்சுப் போட்டாப் போதும். தூங்க வைக்கும்போது மல்லாக்கத்தான்.

புள்ளைய உள்ள உக்கார வச்சு ஓட்டுற சக்கர வாக்கர் வேணாங்க. உருண்டு போயி அடிபடுதுன்னு கனடால 2004லயே அத விக்கத் தடை போட்டாச்சு. நம்ம மரத்து நடைவண்டி வேற, அதுல சொந்தக் கால்ல நின்னு தள்ளணும். நடை 8 மாசத்துலயும் வரும் 18 மாசத்துலயும் வரும், பக்கத்து வீட்டுப் புள்ளையப் பாத்து மனச அலட்டிக்காதீங்க.

மூணு நாலு வயசுக்கு ஒரு நாளைக்கு 180 நிமிஷம் உடம்பு அசையணும், அதுல 60 நிமிஷமாவது மூச்சு வாங்குற மாதிரி ஓட்டம் ஆட்டம். போன் ஒரு மணி நேரத்துக்கு மேல போகக் கூடாது. நமக்கு கரை இருக்கு, வேற என்ன வேணும்! வெயில் ஏறுறதுக்கு முன்னாடி தீவுக்கு வடக்கால இருக்கிற வடகடல் பக்கம் கூட்டிட்டுப் போங்க, தென்கடல்ல அலை இழுக்கும். எங்கயா இருந்தாலும் எட்டிப் பிடிக்கிற தூரத்துல நீங்க இருக்கணும், சொறி (ஜெல்லி மீன்) ஒதுங்கிக் கெடக்கா, முள்ளு கண்ணாடி கெடக்கான்னு பாத்துட்டு செருப்பக் கழட்டி விடுங்க. ஈர மணலத் தோண்டி டப்பாவுல அள்ளித் தூக்கிட்டு நடக்கட்டும், தோளுக்கு அதவிட நல்ல வேலை இல்ல. மணல நீளமா குவிச்சு குச்சிய ஒளிச்சு கிச்சு கிச்சு தாம்பாளம் ஆடுங்க, நுங்கு சீசன்ல நுங்கு தோண்டி எடுத்த ரெண்டு கூந்தைய குச்சியில கோத்து வண்டி கட்டிக் குடுங்க, வளைச்சு ஓட்டுறதுல கண்ணும் கையும் காலும் ஒண்ணா வேலை செய்யும்.

விரலுக்கு எங்க வீட்ல உதவுனது பழைய வலைக் கயிறு. அவன் அப்பத்தா அதுல தொளதொளன்னு ஒரு முடிச்சப் போட்டு அவுருடான்னு குடுப்பாக. நாக்க வெளிய நீட்டிக்கிட்டு, உப்பு ஏறி வெரச்சுப்போன கயித்துல நகத்த விட்டு நெம்பி, பெருவிரலும் பக்கத்து ரெண்டு விரலும் சேந்து இழுப்பான், பென்சில் பிடிக்கவும் அதே மூணு விரல்தான். அவுத்ததும் அடுத்தத இன்னும் கொஞ்சம் இறுக்கிப் போடுவாக. கயித்தக் குடுத்துட்டு மட்டும் எந்திரிச்சுப் போயிடாதீங்க, கழுத்துல சுத்திக்கும். சப்பாத்தி மாவு பிசைய விடுறதும், ஈரத்துணி பிழிய விடுறதும் அதே வேலையச் செய்யும். ஆறேழு மாசத்துல பென்சில் தானா விரலுக்கு எறங்கிடுச்சு, நான் பிடிச்சுக் காட்டவே இல்ல.

ஆனா 18 மாசம் தாண்டியும் நடக்கல, ஒரு பக்கக் கையையே உபயோகிக்க மாட்டேங்குது, முன்னாடி செஞ்சத இப்ப விட்டுடுச்சுன்னா காத்திருக்காதீங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டர்ட்ட காட்டுங்க, போகும்போது தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கங்க.