ஜீப் வருகை நோட்டை ஜாங்கோவில் கட்டுவோம்: முதல்முறை எழுதுபவர்களுக்கு

கம்பத்தில் எங்கள் தெருவில் விடிவதற்கு முன்பே ஜீப் ஹாரன் கேட்கும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் தூக்குவாளியோடு வந்து ஏறுவார்கள். வண்டி கம்பம்மெட்டு வழியாக மலையேறி, கேரளத்தின் வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் போய், சாயங்காலம் திரும்பும். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அப்படி ஒரு ஜீப்புக்கு ஆள் சேர்க்கிறவர். யார் வந்தார்கள், முழு நாளா அரை நாளா, யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார்கள் எல்லாம் அவருடைய நோட்டில் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் அதைக் கூட்டிக் கழித்துத்தான் கூலி.

அந்த நோட்டை ஒரு வலைச் செயலியாக மாற்றினேன். எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். பைத்தானில் மாறி, ஃபங்ஷன், கிளாஸ் என்றால் என்ன என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும்.

முதலில் ஃபிரேம்வொர்க் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். வெறும் கையோடு ஒரு செயலி எழுத உட்கார்ந்தால் உள்நுழைவுப் பக்கம், கடவுச்சொல்லைப் பத்திரமாக வைப்பது, டேட்டாபேஸோடு பேசுவது, படிவத்தில் தப்பாக நிரப்பினால் திருப்பி அனுப்புவது என்று மாதக்கணக்கில் வேலை இருக்கும். இவை ஜீப் கணக்குக்கும் வங்கிக் கணக்குக்கும் ஒன்றுதான். இந்தப் பொது வேலைகளை ஏற்கெனவே எழுதி, பல வருடம் பலர் அடித்துத் திருத்தி வைத்திருப்பதுதான் ஃபிரேம்வொர்க். லைப்ரரி என்ற ஆயத்த நிரல் தொகுப்பை நாம் கூப்பிடுவோம். ஃபிரேம்வொர்க் நம்மைக் கூப்பிடும். ‘இந்த முகவரிக்கு ஆள் வந்திருக்கிறார், என்ன செய்யட்டும்?’ என்று அது கேட்கிற இடத்தில் மட்டும் நாம் பதில் எழுதினால் போதும்.

நான் எடுத்துக்கொண்டது ஜாங்கோ என்ற பைத்தான் ஃபிரேம்வொர்க். 2003இல் அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில் ஏட்ரியன் ஹொலொவாட்டியும் சைமன் வில்லிசனும் எழுத ஆரம்பித்தது. 2005இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். செய்தி அலுவலகத்தில் எதையும் சீக்கிரம் முடித்தாக வேண்டும். நிரல் தெரியாதவர்களும் தகவலை உள்ளே போட வேண்டும். அந்த இரண்டு தேவையும் இன்றைக்கும் ஜாங்கோவில் தெரிகிறது. அக்காவின் தேவையும் அதுவேதான்.

இங்கே கட்டளைகளை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: கணினியைத் தொடாமல் நோட்டைப் படியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நான் அக்காவின் நோட்டோடு இரண்டு சாயங்காலம் உட்கார்ந்தேன். இடது ஓரத்தில் பெயர்கள், மேலே தேதி. முழு நாளுக்கு 1, அரை நாளுக்கு ½ என்பது பார்த்ததுமே புரிந்தது. சில கட்டங்களில் ¾ இருந்தது. கேட்டேன்.

“மழை புடிச்சு மூணு மணிக்கே எறக்கி விட்டுட்டாங்க தம்பி. அன்னைக்கு முக்கால்தான் போடுவோம்.”

‘வந்தார், வரவில்லை’ என்று இரண்டே விடை வைத்து எழுதியிருந்தால் மழைக்கால வாரம் ஒவ்வொன்றிலும் கணக்கு தவறியிருக்கும். இன்னொன்றும் கண்ணில் பட்டது. காயெடுப்புக்கு ஒரு கூலி, மருந்தடிப்புக்கு வேறு கூலி. சீசன் நடுவே கூலி மாறுவதும் உண்டு. இதையெல்லாம் எந்த ஃபிரேம்வொர்க்கும் நமக்குச் சொல்லாது. மற்ற வேலையை அது எடுத்துக்கொள்வதே, நாம் இதை நிதானமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் என்று நினைக்கிறேன்.

படி 2: நிறுவுவது

பைத்தான் இருக்கிற கணினியில் ஒரு ஃபோல்டர் திறந்து, வென்வ் மூலம் தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி, அதை இயக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு புராஜெக்டின் பேக்கேஜ்கள் இன்னொன்றோடு மோதாமல் இருக்க இது தேவை. அப்புறம் பேக்கேஜ்களை நிறுவும் பிப் மூலம் ‘பிப் இன்ஸ்டால் ஜாங்கோ’. அடுத்து ‘ஜாங்கோ-அட்மின் ஸ்டார்ட்புராஜெக்ட்’ என்று தட்டி, பக்கத்தில் ஒரு பெயர். நான் தோட்டம் என்று வைத்தேன். அந்த ஃபோல்டருக்குள் போய் ‘பைத்தான் மேனேஜ்.பை ஸ்டார்ட்ஆப்’ என்று தட்டி வருகை என்ற ஆப்பை, அதாவது புராஜெக்டுக்குள் ஒரு பகுதியை, உருவாக்கினேன். செட்டிங்ஸ்.பை கோப்பில் இருக்கிற ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’ பட்டியலில் அதன் பெயரைச் சேர்க்க மறக்காதீர்கள். சேர்க்காவிட்டால் உங்கள் ஆப் இருப்பதே ஜாங்கோவுக்குத் தெரியாது.

‘பைத்தான் மேனேஜ்.பை ரன்சர்வர்’ கொடுத்து, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், 8000ஆம் போர்ட் என்று திறந்தால் ராக்கெட் படத்தோடு வரவேற்புப் பக்கம் வரும். வந்தால் எல்லாம் சரி.

படி 3: மாடல் எழுதுவது

நோட்டு கிளாஸ் ஆகிற இடம் இதுதான். மாடல்ஸ்.பை கோப்பில் இரண்டு கிளாஸ் எழுதினேன். ஆள் என்பதில் பெயர், ஊர், போன் எண். வருகை என்பதில் எந்த ஆள், எந்தத் தேதி, என்ன வேலை, நாள் அளவு, அன்றைய கூலி, முன்பணம். ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ‘வெர்போஸ் நேம்’ என்ற இடத்தில் தமிழிலேயே பெயர் கொடுக்கலாம். திரையில் அதுதான் தெரியும்.

இதில் நான்கு விஷயம் கவனியுங்கள்.

பணத்துக்கும் நாள் அளவுக்கும் டெசிமல் ஃபீல்டு பயன்படுத்துங்கள், ஃப்ளோட் வேண்டாம். பைத்தானில் 0.1ஐயும் 0.2ஐயும் ஃப்ளோட்டாகக் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். கூலிக் கணக்கில் இப்படி ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரக்கூடாது.

கூலியை வருகைப் பதிவிலேயே எழுதி வையுங்கள். ‘காயெடுப்புக் கூலி இவ்வளவு’ என்று ஓரிடத்தில் வைத்து அங்கிருந்து எடுத்தால், நாளைக்குக் கூலி உயரும்போது போன மாதக் கணக்கும் சேர்ந்து மாறிவிடும்.

ஒரே ஆளுக்கு ஒரே தேதியில் இரண்டு பதிவு விழாமல் ‘யூனிக் கன்ஸ்ட்ரைன்ட்’ போடுங்கள். இரண்டு பேர் பதிகிற இடத்தில் இது கட்டாயம்.

நான்காவது எனக்கு வலித்துத் தெரிந்தது. வருகையை ஆளோடு இணைக்கும் ஃபாரின் கீயில் ‘ஆன் டிலீட்’ என்ன என்று ஜாங்கோ கேட்கும். நான் யோசிக்காமல் ‘கேஸ்கேடு’ கொடுத்தேன், அதாவது ஆளை அழித்தால் அவருடைய வருகைப் பதிவுகளும் அழியும். ஒரு அம்மா வேலைக்கு வருவதை நிறுத்தியதும் பட்டியலைச் சுத்தம் செய்கிறேன் என்று அவர் பெயரை அழித்தேன். பெயரோடு சேர்ந்து எந்தெந்தப் பதிவுகள் போகும் என்று உறுதிப் பக்கத்தில் வரிசையாகக் காட்டியது. நான் படிக்காமல் ஆம் என்று அழுத்திவிட்டேன். அந்த அம்மாவுக்கு இன்னும் நான்கு நாள் கூலி பாக்கி. சனிக்கிழமை அக்கா திரையைப் பார்த்துவிட்டு, “பேரு எங்கப்பா போச்சு?” என்று கேட்டபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பழைய நோட்டிலும் அக்கா எழுதி வைத்திருந்ததால் அந்தக் கூலி தப்பியது. நீங்கள் ‘புரொடெக்ட்’ என்று கொடுங்கள். பதிவு இருக்கிற ஆளை அழிக்க ஜாங்கோ விடாது. வேலையை விட்டவர்களுக்கு ‘இப்போது வருகிறாரா’ என்று ஆம்/இல்லை மட்டும் வைக்கும் ஒரு பூலியன் ஃபீல்டு வைத்தால் போதும்.

படி 4: மைக்ரேஷன்

இனி வரும் கட்டளைகளுக்கும் முன்னால் ‘பைத்தான் மேனேஜ்.பை’ சேர்த்தே தட்டுங்கள். ‘மேக்மைக்ரேஷன்ஸ்’ என்றால் நீங்கள் எழுதிய மாடலைப் படித்து, டேட்டாபேஸில் என்ன மாற வேண்டும் என்று ஒரு கோப்பு எழுதும். ‘மைக்ரேட்’ என்றால் அந்தக் கோப்பின்படி டேபிள்களை உருவாக்கும். தொடக்கத்தில் எஸ்கியூலைட் டேட்டாபேஸ் தானாகவே கிடைக்கும். தனியாக எதையும் நிறுவ வேண்டாம். பிறகு மாடலில் ஒரு ஃபீல்டு சேர்த்தாலும் இதே இரண்டு கட்டளைதான்.

படி 5: அட்மின்

‘கிரியேட்சூப்பர்யூசர்’ கட்டளையில் உங்களுக்கு ஒரு கணக்கு உண்டாக்குங்கள். அட்மின்.பை கோப்பில் இரண்டு மாடலையும் ரிஜிஸ்டர் செய்யுங்கள். சர்வரை ஓடவிட்டு, முகவரிக்குப் பின்னால் அட்மின் என்று சேர்த்துத் திறந்து பாருங்கள்.

ஆள் சேர்க்கும் படிவம், தேதி எடுக்கும் காலண்டர், திருத்தம், பட்டியல் எல்லாம் அங்கே இருக்கும். இதில் ஒரு பக்கம்கூட நாம் எழுதியதில்லை. ‘லிஸ்ட் ஃபில்டர்’ இடத்தில் தேதியையும் வேலையையும், ‘சர்ச் ஃபீல்ட்ஸ்’ இடத்தில் பெயரையும் கொடுத்தால் வடிகட்டித் தேட வசதியும் வந்துவிடும். முதல்முறை பார்த்தபோது நான் வெகுநேரம் அதையே கிளிக் செய்துகொண்டிருந்தேன். கடவுச்சொல்லையும் ஜாங்கோ அப்படியே சேமிப்பதில்லை. பிபிகேடிஎஃப்2 முறையில் ஹாஷ் செய்து, அதாவது திரும்பப் படிக்க முடியாத குறியீடாக மாற்றித்தான் வைக்கும்.

படி 6: மொழியும் நேரமும்

செட்டிங்ஸ்.பை கோப்பில் ‘லாங்குவேஜ் கோடு’ இடத்தில் தமிழுக்கான இரண்டெழுத்துக் குறியீட்டைக் கொடுத்தால் அட்மின் தமிழில் வரும். சில சொற்கள் ஆங்கிலத்திலேயே நிற்கலாம், பாதகமில்லை. மலையாளமும் இருக்கிறது. மெட்டுக்கு அந்தப் பக்கத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை மலையாளத்தில் பார்க்க ஆசைப்பட்டால் அதற்கும் வழி உண்டு.

‘டைம் ஜோன்’ விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். புது புராஜெக்டில் அது யூடிசி என்ற உலகப் பொது நேரமாக இருக்கும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஜீப் கிளம்பும் காலை 5 மணி யூடிசி கணக்கில் முந்தைய நாள் இரவு 11:30. வியாழக்கிழமை வருகை புதன்கிழமையில் போய் விழும். ஏஷியா/கொல்கத்தா என்று மாற்றுங்கள். தேதி ஃபீல்டின் டிஃபால்ட்டாக ‘டைம்ஜோன்.லோக்கல்டேட்’ கொடுங்கள், பின்னால் அடைப்புக்குறி போடாமல். அடைப்புக்குறி போட்டால் சர்வர் தொடங்கிய அன்றைய தேதியே எல்லாப் பதிவிலும் நிற்கும்.

படி 7: யார் எதைப் பார்க்கலாம்

ஒவ்வொரு மாடலுக்கும் சேர்க்க, திருத்த, அழிக்க, பார்க்க என நான்கு அனுமதிகளை ஜாங்கோ தானே உருவாக்குகிறது. குரூப் என்ற ஒன்றை வைத்து அவற்றைப் பிரித்துக் கொடுக்கலாம். அக்காவுக்குச் சேர்க்கவும் திருத்தவும், தோட்டத்துக்காரருக்குப் பார்க்க மட்டும். அழிக்கும் அனுமதியை யாருக்கும் கொடுக்கவில்லை, எனக்கும் சேர்த்துத்தான். தினசரி வேலைக்கு சூப்பர்யூசர் இல்லாத தனிக் கணக்கு வைத்திருக்கிறேன்.

பெரிய நிறுவனங்களின் செயலிகளும் இந்த இடத்தில்தான் அதிகம் உழைக்கின்றன. அங்கே ஜாவா மொழியும் அதன் ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங்கும் மிகுதி. 2014இல் ஸ்பிரிங் பூட் வந்த பிறகு, பக்கம் பக்கமாக எழுதிய எக்ஸ்எம்எல் அமைப்புகள் வெகுவாகக் குறைந்தன. பெயர்கள்தான் மாறும்: இங்கே மாடல், அங்கே எண்டிட்டி. ஒன்றைப் புரிந்துகொண்டால் பிஹெச்பி மொழியின் லாராவெல் ஃபிரேம்வொர்க் பக்கம் போனாலும் வழி தெரியும்.

படி 8: சனிக்கிழமைப் பக்கம்

நாமே எழுத வேண்டிய ஒரே பக்கம் இதுதான். வியூஸ்.பை கோப்பில் ஒரு ஃபங்ஷன்: இந்த வாரத் தேதிகளுக்குள் வரும் வருகைகளை எடுத்து, ஆள் வாரியாகப் பிரித்து, நாள் அளவையும் கூலியையும் பெருக்கிக் கூட்டி, முன்பணத்தைக் கழிக்க வேண்டும். ‘ஃபில்டர்’, ‘வேல்யூஸ்’, ‘அன்னோடேட்’, ‘சம்’, ஃபீல்டுகளைப் பெருக்க ‘எஃப்’ என்ற ஐந்தும் போதும். டேட்டாபேஸோடு பேசும் எஸ்கியூஎல் மொழி வரிகளை ஜாங்கோ எழுதிக்கொள்ளும். யூஆர்எல்ஸ்.பை கோப்பில் ஒரு முகவரியை இந்த ஃபங்ஷனோடு இணைத்து, டெம்ப்ளேட் என்ற பக்க மாதிரிக் கோப்பில் ஒரு அட்டவணை போடுங்கள். ஃபங்ஷனுக்கு மேலே ‘லாகின் ரிக்வயர்டு’ கட்டாயம் இருக்கட்டும், கூலி விவரம் ஊர் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்தில் தகவல் அனுப்பும் போஸ்ட் படிவம் ஏதாவது வைத்தால், வேறு தளம் நம் பெயரில் அனுப்பாமல் காக்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் குறியையும் உள்ளே போடுங்கள். படிவத்தை அனுப்பும்போது 403 (அனுமதி இல்லை) பிழை வந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

இணையத்தில் வெளியே ஏற்றும்போது செட்டிங்ஸ்.பை கோப்பில், பிழை விவரங்களைத் திரையில் காட்டும் ‘டீபக்’கை ஃபால்ஸ் ஆக்கி, ‘அலோட் ஹோஸ்ட்ஸ்’ இடத்தில் உங்கள் முகவரியைக் கொடுங்கள். ‘செக்’ கட்டளையோடு டிப்ளாய் என்று சேர்த்து ஓட்டினால் விட்டுப்போனவற்றைப் பட்டியலிட்டுச் சொல்லும். ரன்சர்வர் உங்கள் கணினியில் சோதிக்க மட்டும்தான்.

முதல் ஒரு மாதம் நோட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். இரண்டிலும் எழுதட்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு கூட்டுத்தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே படி 1இல் நீங்கள் கேட்காமல் விட்ட ஏதோ ஒன்று இருக்கும். கூலி கொடுத்து முடித்ததும் சர்வரை நிறுத்திவிட்டு, எஸ்கியூலைட் கோப்பைத் தேதி போட்டு ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து, அக்கா நோட்டு வைக்கும் அதே டப்பாவில் போட்டு வையுங்கள்.