நீலமா, மஞ்சளா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், கீழக்கரைப் பக்கம் வீடுகளுக்கு வண்ணம் பூசுகிறவன் நான். நிற அட்டையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்களோடு எனக்கு எப்போதும் தகராறுதான். விரலளவுத் துண்டில் சாதுவாகத் தெரியும் மஞ்சள், நான்கு சுவரிலும் ஏறினால் கத்தும்.

சுவருக்கு நீலமா, மஞ்சளா என்று தயக்கமா? இரண்டு நிறத்திலும் சிறிய டப்பா வாங்குங்கள். வெள்ளை பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்த சுவரில் இரண்டடிச் சதுரமாக, இரண்டு கோட்டிங் பூசுங்கள். ஜன்னலுக்கு எதிரிலும், இருட்டு மூலையிலும் இரண்டுமே வேண்டும். ஒட்டிப் பூசாதீர்கள், பக்கத்து நிறம் கண்ணை ஏமாற்றும். ஈரத்தில் தீர்மானிக்கவும் வேண்டாம், எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து பூசும் பெயிண்ட், காய்ந்தால் பெரும்பாலும் சற்று அடர்ந்துவிடும். காலை, உச்சிவேளை, இரவு என மூன்று நேரமும் பாருங்கள். மஞ்சள் ஒளி தரும் 3000 கெல்வின் எல்.இ.டி. விளக்கில் நீலம் மங்கும். வெள்ளை ஒளி தரும் 6500 கெல்வினில் மஞ்சள் வெளிறும்.

தேவிபட்டினம் போலக் கிழக்கே கடல் பார்த்த வீட்டில், காலை வெயில் தண்ணீரில் பட்டு உள்ளே தெறிக்கும். அங்கே நீலம்தான் என் கட்சி. வடக்கு பார்த்த அறைக்கு மஞ்சள். இரண்டையும் விட மனமில்லையா? அடர்நிறம் ஒரே சுவரோடு நிற்கட்டும்.

சுவரில் உப்புப் பூத்திருந்தால் நிறப் பேச்சையே தள்ளிவையுங்கள். ஈரம் வரும் வழியை அடைத்து, உப்பைச் சுரண்டி, நன்றாகக் காயவிடுங்கள். அடர்நீலத்தில் அந்த வெள்ளைப் பூப்பு வாசலிலிருந்தே தெரியும்.