மல்கேவியன் ஸ்டெல்த் ப்ளீட்: போட்டி மேசைக்கு ஒரு டெக் கட்டுவது எப்படி

ரத்தக்காட்டேரிகளை வைத்து வந்த கார்டு விளையாட்டுகளில் எனக்கு இன்றும் பிடித்தது 'வாம்பயர்: தி எடர்னல் ஸ்ட்ரகிள்' தான். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்தது. 1994-இல் 'ஜிஹாட்' என்ற பெயரில் வந்தது, அடுத்த வருடமே பெயர் மாறியது. 2010-இல் அச்சு நின்றுபோய், 2018-இல் பிளாக் சான்ட்ரி என்ற சிறிய நிறுவனம் எடுத்து மறுபடி வெளியிட ஆரம்பித்தது. வரலாறு போதும்.

விதிப்புத்தகத்தை ஒரு முறை படித்து, நண்பர்களோடு சில ஆட்டங்கள் ஆடியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு டர்னில் எத்தனை கட்டம், லாக் என்றால் என்ன என்பதற்குள் போகப் போவதில்லை.

ஏன் மல்கேவியன்? இந்த ரத்தக்காட்டேரிக் குலத்திடம் டாமினேட், அப்ஃபஸ்கேட், ஆஸ்பெக்ஸ் என்ற மூன்று டிசிப்ளின்களும் (சிறப்புச் சக்திகள்) ஒன்றாக இருக்கின்றன. அடிக்க (ப்ளீட், அதாவது அடுத்தவரின் உயிர்ப்புள்ளிகளைக் குறைப்பது) டாமினேட், தடுப்பவர்களைத் தாண்டிப் போக (ஸ்டெல்த்) அப்ஃபஸ்கேட், தற்காத்துக்கொள்ள டாமினேட்டும் ஆஸ்பெக்ஸும். 1994-இல் வந்த முதல் மல்கேவியன்கள் இப்படித்தான் இருந்தார்கள். 'மால்க் 94' என்றால் பழைய ஆட்டக்காரர்களுக்கு இந்த டெக் என்று உடனே புரியும். பின்னால் வந்த பல மல்கேவியன்களிடம் டாமினேட்டுக்குப் பதில் டிமென்டேஷன் இருக்கும். கார்டின் ஓரத்தில் உள்ள சின்னங்களைப் பார்க்காமல் குலப்பெயரை மட்டும் பார்த்துச் சேர்த்தால் லைப்ரரியில் (வாம்பயர் அல்லாத கார்டுகளின் அடுக்கு) பாதி பயன்படாமல் போய்விடும்.

படி 1: எதிராளியை விடுங்கள், மேசையைப் பாருங்கள்

மற்ற கார்டு விளையாட்டுகளிலிருந்து வருபவர்கள் எதிரே இருப்பவரை எப்படி வீழ்த்துவது என்று யோசித்தே டெக் கட்டுவார்கள். இங்கே எதிரே யாரும் இல்லை. ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். இடதுபக்கம் இருப்பவர் உங்கள் இரை. வலதுபக்கம் இருப்பவருக்கு நீங்கள் இரை. இரையின் பூலை (உயிர்ப்புள்ளிகளை) தீர்த்து வெளியேற்றினால் ஒரு வெற்றிப் புள்ளியும் 6 பூலும் உங்களுக்கு. கடைசியாக மிஞ்சுபவருக்கும் ஒரு புள்ளி. ஒரு ஆட்டத்தை வென்றதாகக் கணக்கு வர, குறைந்தது இரண்டு புள்ளியும் வேண்டும், மேசையில் மற்ற எல்லோரையும் விட அதிகமாகவும் இருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் நேரம் முடிந்தால் உயிரோடு இருப்பவர்களுக்கு ஆளுக்கு அரைப் புள்ளிதான்.

ஆகவே ஒரே ஒருவரை வேகமாக வீழ்த்திவிட்டு மூச்சு வாங்கி விழுகிற டெக் போட்டிக்கு உதவாது. இரண்டாவது ஆளையும் வெளியேற்றும் வரை உங்கள் பூல் தாங்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் இனி ஒவ்வொரு கார்டையும் எடுக்க வேண்டும்.

படி 2: கிரிப்ட் (இங்கே அவசரப்படாதீர்கள்)

புதியவர்கள் லைப்ரரியில் ஒரு வாரம் உட்கார்ந்திருப்பார்கள், கிரிப்டை (வாம்பயர் கார்டுகளின் அடுக்கை) பத்து நிமிடத்தில் முடிப்பார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும்.

கிரிப்டில் குறைந்தது 12 கார்டு. எல்லாம் கார்டில் அச்சிட்டிருக்கும் ஒரே குரூப் எண்ணாகவோ, அடுத்தடுத்த இரண்டு குரூப்பாகவோ இருக்க வேண்டும். ஆரம்பத்தில் அதிலிருந்து 4 வரும். வேறு ஒன்று வேண்டுமென்றால் 4 டிரான்ஸ்ஃபரும் (பூலை வாம்பயர் மேல் நகர்த்த டர்னுக்குக் கிடைக்கும் வாய்ப்புகள்) 1 பூலும் கொடுத்து ஒரே ஒரு கார்டு எடுக்கலாம், அதாவது ஒரு டர்ன் காலி. எனவே முதல் நான்கே சரியாக வர வேண்டும்.

இப்போது பணக் கணக்கு. 30 பூலில் ஆரம்பிக்கிறீர்கள். அதுதான் உயிர், வாம்பயரை வெளியே கொண்டுவரும் காசும் அதுதான். முதல் டர்னில் முதலாமவருக்கு 1 டிரான்ஸ்ஃபர், இரண்டாமவருக்கு 2, மூன்றாமவருக்கு 3, மற்ற இருவருக்கும் 4. அப்புறம் எல்லோருக்கும் டர்னுக்கு 4. அப்படியானால் 7 கெபாசிட்டி வாம்பயர் (வெளியே வர 7 பூல் வேண்டியவர்) முதல் இரண்டு இருக்கைகளில் மூன்றாவது டர்னில் வரும், மற்ற மூன்று இருக்கைகளில் இரண்டாவது டர்னிலேயே வந்துவிடும். 8 என்றால் மூன்றாவது இருக்கைக்கு மட்டும் ஒரு டர்ன் தள்ளிப்போகும். 9-க்குப் போனால் நான்காவது, ஐந்தாவது இருக்கைகளுக்கும் தள்ளிப்போகும். அதனால் இந்த டெக்கில் 8-க்கு மேல் நான் ஏறுவதில்லை.

அடுத்து 'கவர்ன் தி அன்அலைன்ட்'. டெக்கின் உயிர்நாடி இந்தக் கார்டுதான். டாமினேட் சதுரச் சின்னமாக (அடிப்படை நிலை) இருந்தால், +2 ப்ளீட். டைமண்டாக (உயர் நிலை) இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: கிரிப்டிலிருந்து எடுத்து வைத்துக் காத்திருக்கும் ஒரு இளைய வாம்பயர் மேல் வங்கியிலிருந்து 3 ரத்தம் போடலாம். உங்கள் பூலிலிருந்து ஒரு காசு போகாது.

'இளைய' என்ற வார்த்தையில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கெபாசிட்டி குறைவாக இருப்பவரே இளையவர். சமமாக இருந்தால் இளையவர் இல்லை. பன்னிரண்டும் அழகழகான 7-களாக அடுக்கி வைத்தால் கவர்னை இந்த வழியில் ஒரு தடவை கூடப் போட முடியாது. கிரிப்ட் படிக்கட்டு மாதிரி இறங்க வேண்டும்.

முதல் இருக்கையில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று டர்னில் 9 டிரான்ஸ்ஃபர். அதில் 7 போட்டு, டாமினேட் டைமண்ட் உள்ள ஒருவரை வெளியே கொண்டுவருகிறீர்கள். பழைய குரூப் 1-இல் கில்பர்ட் டுவான் இதற்கென்றே அமைந்த ஆள். மீதி 2 ஒரு 5 கெபாசிட்டி மேல் இருக்கிறது. நான்காவது டர்னில் கில்பர்ட் கவர்ன் போட்டு 3 சேர்க்கிறார், 5 நிறைந்துவிட்டது. அந்த டர்னின் 4 டிரான்ஸ்ஃபர் அப்படியே மிச்சம், அது மூன்றாவது வாம்பயருக்கு. 12 கெபாசிட்டி மதிப்புள்ள இருவர் 9 பூலில் வந்துவிட்டார்கள். ஆனால் இந்த ஆக்‌ஷனை இரண்டு பக்கத்துக்காரர்களும் தடுக்கலாம். கையில் ஒரு ஸ்டெல்த் இல்லாமல் முயற்சி செய்யாதீர்கள்.

எத்தனை பெரியவர், எத்தனை சிறியவர்? 12-இல் 5 பெரியவர் வைத்தால், முதல் நான்கில் ஒருவராவது வருவதற்கு 93 சதவீத வாய்ப்பு. 4 வைத்தால் 86, 3 வைத்தால் 75-க்குச் சற்றுக் கீழே. 5 பெரியவரும் 7 சிறியவரும் என்று பிரித்தால், கையில் இருவகையும் சேர்ந்து வர ஏறக்குறைய 92 சதவீதம். நான் இந்தப் பிரிவையே வைத்துக்கொள்கிறேன்.

அந்த ஐந்தும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். வாம்பயர்கள் தனித்தன்மை உள்ளவர்கள், இரண்டாவது பிரதி வெளியே வர முடியாமல் கிடக்கும். ஒரே ஆளின் 5 பிரதி வைத்தால் முதல் நான்கில் இரண்டோ அதற்கு மேலோ வர 58 சதவீத வாய்ப்பு. ஒருவரில் 3, இன்னொருவரில் 2 என்று பிரித்துவிட்டால் நிறையச் சரியாகிவிடும். சிறியவர்கள் 3 முதல் 5 கெபாசிட்டிக்குள், எல்லோருக்கும் டாமினேட் சதுரமாவது கட்டாயம். ஏன் என்பது அடுத்த படியில்.

படி 3: லைப்ரரி

60 முதல் 90 வரை வைக்கலாம். ஒரே கார்டு எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். என் கணக்கு 80: மாஸ்டர் (வாம்பயர் இல்லாமல் ஆட்டக்காரரே போடுவது) 16, கவர்ன் 10, ப்ளீட் கூட்டும் மாடிஃபையர்கள் (ப்ளீட் நடக்கும்போது மேலே போடும் கார்டுகள்) 10, ஸ்டெல்த் 22, பவுன்ஸ் (வந்த ப்ளீடை வேறொருவர் மேல் திருப்பிவிடுவது) 9, வேக் (லாக் ஆன வாம்பயரையும் எதிர்வினை செய்ய விடுவது) 7, உங்களுக்குப் பிடித்ததைச் சேர்க்க 6.

ப்ளீட் மாடிஃபையர்களில் 'கண்டிஷனிங்' முதலிடம். டைமண்டில் போட்டால், அடிப்படை 1, கவர்ன் 2, கண்டிஷனிங் 3, ஆக 6. வாம்பயர்களுக்குச் செலவழித்த பிறகு இரையிடம் 15, 16 பூல் இருக்கும். மூன்று ப்ளீட் போதும். ஒரு ப்ளீடில் ப்ளீட் கூட்டும் மாடிஃபையர் ஒன்றுதான் போட முடியும் என்பதால் 10-க்கு மேல் வைப்பது கையை அடைக்கும்.

ஸ்டெல்த் 22 என்பது பலருக்குக் கம்மியாகத் தெரியும். 30 வைக்கச் சொல்பவர்களும் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. தேவைப்படும்போது மட்டுமே ஸ்டெல்த் போட முடியும் என்பது விதி. யாராவது தடுக்க முயன்று, அந்தத் தடுப்பு வெற்றி பெறுகிற நிலையில் இருந்தால்தான் போடலாம். யாருமே தடுக்காத மேசையில் ஏழு கார்டு கையில் ஆறு ஸ்டெல்த்தாக உட்கார்ந்திருக்கும். டர்ன் முடிவில் ஒன்றுதான் தூக்கிப் போட முடியும். 'லாஸ்ட் இன் க்ரௌட்ஸ்' மாதிரி ஒரே கார்டில் டைமண்டில் +2 தருவதை முதலில் எடுங்கள், எண்ணிக்கை தானாகக் குறையும். அப்புறம் 'ஸ்வாலோவ்டு பை தி நைட்' மாதிரி சண்டையிலும் உதவுகிறவை. சண்டைக்கென்று தனியாக எதுவும் வேண்டாம். இந்த டெக் சண்டை போடாது.

பவுன்ஸ் 9: 'டிஃப்ளெக்‌ஷன்' 6, 'டெலிபதிக் மிஸ்டைரெக்‌ஷன்' 3. இதைக் குறைத்து இன்னும் ப்ளீட் சேர்க்கலாமே என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். வலதுபக்கத்துக்காரர் உங்களை 5-க்கு ப்ளீட் செய்கிறார், நீங்கள் அதை உங்கள் இரை மேல் திருப்பிவிடுகிறீர்கள். தற்காப்பும் அதுவே, தாக்குதலும் அதுவே. இரை அதில் வெளியேறினால் புள்ளியும் 6 பூலும் உங்களுக்குத்தான், யார் அடித்த அடி என்பது கணக்கில் இல்லை. டிஃப்ளெக்‌ஷன் போட டாமினேட் சதுரம் போதும். அதனால்தான் சிறியவர்களுக்கு அது கட்டாயம் என்றேன். ஒரு சிறியவர் எப்போதும் வீட்டில் லாக் ஆகாமல் இருக்கட்டும். எல்லோரும் வேலைக்குப் போயிருந்தால் 'ஆன் தி கி வீவ்' போன்ற வேக் கார்டு காப்பாற்றும்.

மாஸ்டர்களில் பாதியாவது பூலைத் திரும்பக் கொண்டுவருபவையாக இருக்கட்டும். 'வில்லின்', 'பிளட் டால்', 'வெசல்'. 7 பூல் போட்டு வந்த வாம்பயரின் மேல் 7 ரத்தம் இருக்கிறது. இந்த டெக்கில் அவருக்கு அத்தனை ரத்தம் தேவையில்லை, எடுத்துக்கொள்ளுங்கள். மீதியை உங்கள் விருப்பப்படி.

படி 4: அடிக்கும் வரிசை

இது ஆட்டமுறை, ஆனால் கார்டு எண்ணிக்கையைப் பாதிக்கிறது. உங்கள் 6 ப்ளீடை இரை பவுன்ஸ் செய்தால், அது அவருடைய இரை மேல் போகும். அந்த ஆள் வெளியேறினால் புள்ளியும் 6 பூலும் உங்கள் இரைக்கு. நீங்கள் கொன்றுகொண்டிருந்தவருக்கு நீங்களே சாப்பாடு போட்டதாக ஆகும்.

ஆகவே முதலில் ஒரு சிறியவரை வைத்துக் கவர்ன் மட்டும், 3 ப்ளீட். 3 என்பது விட்டுவிடவும் மனம் வராத, பவுன்ஸ் செலவழிக்கவும் யோசிக்க வைக்கும் எண். பவுன்ஸ் செய்தால் ஒரு கார்டு போனது, அநேகமாக அவருடைய ஒரு வாம்பயர் லாக் ஆனது. அப்புறம் பெரியவரை அனுப்புங்கள். ஒரே வாம்பயர் ஒரே டர்னில் இரண்டு முறை ப்ளீட் செய்ய முடியாது, அதனால் குறைந்தது மூன்று பேர் வெளியே இருந்தால்தான் இந்த வரிசை நடக்கும். மூன்றாவது வாம்பயருக்கு மிச்சம் பிடித்த அந்த 4 டிரான்ஸ்ஃபர் இங்கேதான் வேலை செய்கிறது.

கருவிகள்

டெக் அடுக்க விடிபி (VDB) இணையதளத்தைத் தவிர வேறெதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. டிசிப்ளினைச் சதுரமா டைமண்டா என்று பிரித்துத் தேடலாம், ஆரம்பக் கை எடுத்துப் பார்க்கலாம், போட்டியில் வென்ற டெக்குகளின் காப்பகமும் அங்கேயே இருக்கிறது. எக்செல் ஷீட் வேண்டாம். ஆன்லைனில் ஆட லாக்கி (Lackey) என்ற மென்பொருள் இருக்கிறது, பார்க்க அழகில்லை, வேலை நடக்கும். ஸ்லீவ் வாங்கும்போது பின்பக்கம் தெரியாத ரகமாக வாங்குங்கள். 1994 கார்டுகளின் முதுகில் 'ஜிஹாட்' என்றே அச்சாகியிருக்கும், கலந்து வைத்தால் எது எங்கே என்று தெரிந்துவிடும்.

பின்சேர்க்கை 1: லைப்ரரி தீர்ந்தால் தோற்றுவிடுவோமா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. புதுக் கார்டு வராது, அவ்வளவுதான். அதற்கு பயந்து 90 வைக்க வேண்டாம்.

பின்சேர்க்கை 2: "பவுன்ஸ் செய்கிறாரா என்று பார்த்துவிட்டுக் கண்டிஷனிங் போட்டால் என்ன?" நல்ல கேள்வி. தடுப்பு இல்லை என்றான பிறகு, கார்டு போடும் முதல் வாய்ப்பு ஆக்‌ஷன் செய்கிற உங்களுக்கு. நீங்கள் பாஸ் சொல்லி, மற்றவர்களும் பாஸ் சொன்னால் ப்ளீட் அப்படியே 3-இல் முடிந்துவிடும், கண்டிஷனிங் கையிலேயே இருக்கும். இரை பவுன்ஸ் போட்டால் மட்டுமே உங்களுக்கு மறு வாய்ப்பு, அப்போது போடுவதில் பெரும்பாலும் லாபம் இல்லை. எனவே முன்கூட்டியே முடிவெடுக்கத்தான் வேண்டும்.

பின்சேர்க்கை 3: 'ஆர்கான் இன்வெஸ்டிகேஷன்' பற்றி எழுதவில்லையே என்று இருவர் சுட்டிக்காட்டினார்கள். பெரிய ப்ளீட் செய்யும் வாம்பயரையே எரித்துவிடும் மாஸ்டர் அது, உங்கள் டர்னிலேயே போடுவார்கள். மாஸ்டரை ரத்து செய்யும் 'சடன் ரிவர்சல்' இதற்கு உதவாது: அதை மற்றவர்களின் டர்னில்தான் போட முடியும், உங்கள் டர்னில் முடியாது. உங்கள் பக்கத்து ஆட்டக்காரர்கள் ஆர்கானைப் பழக்கமாக வைப்பவர்கள் என்றால், பெரிய ப்ளீடுக்கு முன் யோசித்துக்கொள்ளுங்கள்.